வேலை கைமாறும், பொறுப்பு கைமாறுமா?

தோழர்களே!

சமையற்கட்டின் சாவியை அடுத்த தெருக்காரனிடம் கொடுத்துவிட்டு, இலை போட்டு அமர்ந்திருக்கிறான் ஒருவன். அவனை வீட்டுக்காரன் என்பதா, விருந்தாளி என்பதா? கேட்டால் விடை தயாராக வைத்திருக்கிறான்: "அடுப்பூதுவது என் தொழிலல்ல. விறகு வாங்கும் தொல்லை இல்லை. சமையற்காரனைக் கட்டிக் காக்கும் கவலை இல்லை. மாதம் பிறந்தால் ஒரு தொகை. வேளை தவறாமல் சோறு!"

உலகப் பெருநிறுவனங்கள் தம் கணினிப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைப்பதற்குக் கூறும் காரணமும் ஏறத்தாழ இதுவே. அவுட்சோர்சிங் என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். சென்னையிலே, தரமணி தொடங்கிச் சோழிங்கநல்லூரையும் தாண்டி, வானை முட்டி நிற்கும் மாளிகைகள் பலவற்றின் கடைக்கால் அந்த ஒரு சொல்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் அத்துறையிலே உழைக்கின்றனர். வேலை ஏன் வருகிறது என்பதை அறிந்தவனே அது ஏன் போகிறது என்பதையும் அறிவான். ஆகவேதான் இதனை எழுதுகிறேன்.

1962-இலேயே ராஸ் பெரோ என்பார், பிறருடைய கணினிப் பணியைக் கூலிக்குச் செய்து தர அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். எனினும், பெரியவர்கள் வெளிப்படையாக அவ்வழி திரும்பியது 1989-இல். புகைப்படச் சுருளுக்குப் பேர்போன கோடாக் நிறுவனம், தன் கணினி மையத்தை நடத்தும் பொறுப்பை அவ்வாண்டு ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தது. 'கோடாக்கே கொடுத்துவிட்டது, நாம் தயங்குவானேன்?' என்று மற்ற முதலாளிகள் அணிவகுத்தனர்.

அவர்கள் கூறும் காரணங்களில் உண்மையே இல்லையா? உண்டு. கணினியும் மென்பொருளும் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும். பெருமுதல் போட்டு வாங்குவதைவிட, பயன்படுத்திய அளவுக்கு மாதக் கட்டணம் செலுத்துவது எளிது. வலையமைப்பு, தரவுத்தளம், பாதுகாப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வல்லுநர் வேண்டும்; இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். நடுத்தர நிறுவனமொன்று அத்தனை பேரையும் சொந்தமாக வைத்துக் கட்டுப்படியாகுமா? அமெரிக்காவிலே இருள் சூழும்போது இங்கே பொழுது புலர்கிறது. அங்கே படுக்கப் போகுமுன் தந்த வேலை, விழித்தெழுமுன் முடிந்துவிடுகிறது.

ஆனால், ஏட்டிலே எழுதும் காரணம் வேறு. ஏட்டைத் திருப்பினால் தெரியும் காரணம் வேறு! ஒரே வேலைக்கு அங்கே ஒரு கூலி, இங்கே அதில் ஒரு பகுதி. நிரந்தர ஊழியனாயின் ஓய்வூதியம், மருத்துவம், பணிப் பாதுகாப்பு என உரிமை கேட்பான். ஒப்பந்தக்காரனிடமோ கணக்குத் தீர்த்துக் கதவைச் சாத்திவிடலாம். புளோரிடாவிலே டிஸ்னி நிறுவனத்தின் கணினிப் பணியாளர் ஏறத்தாழ 250 பேருக்கு 2014-இன் இறுதியில் வேலைநீக்க அறிவிப்பு வந்தது. தம் இடத்துக்கு வருவோருக்குத் தாமே தொழில் கற்பித்துவிட்டு வெளியேறும் நிலை, அவர்களுள் பலருக்கு. வந்தவர்களோ, இந்திய நிறுவனமொன்றின் வழியாகத் தற்காலிக விசாவில் சென்ற உழைப்பாளிகள். வெளியேறியவன் கண்ணீரும் வந்தவன் வியர்வையும் ஒரே இலாபக் கணக்கிலே வரவாயின. இவர்களில் எவன் எவனுக்குப் பகைவன்?

வேலை கைமாறலாம், பொறுப்பு கைமாறுமா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், தன் மருத்துவத் துறைக்குச் சம்பளக் கணக்கு முறை ஒன்று அமைக்கும் பணியை ஐ.பி.எம்.மிடம் விட்டது. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது. வந்த கையோடு குளறுபடியும் வந்தது. நோயாளியின் அருகே இரவெல்லாம் கண்விழித்த செவிலியர் சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு மிகுந்தது, சிலருக்கு வரவேயில்லை! சீராக்கும் செலவு 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டனர். 2013-இல் விசாரணை ஆணையம் அரசின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. நிறுவனத்தின்மீது அரசு தொடுத்த வழக்கோ, 2015-இல் தோற்றது. 2010-இலேயே செய்துகொண்ட சமரச ஒப்பந்தம் குறுக்கே நின்றது. கையொப்பம் அமைச்சகத்தினுடையது, கண்ணீர் செவிலியருடையது, செலவு மக்களுடையது!

உணர்ந்து திரும்பியவரும் உண்டு. ஜே.பி.மார்கன் சேஸ் வங்கி 2002-இல் ஏழாண்டுக்கு, 500 கோடி டாலர் மதிப்பில் ஐ.பி.எம்.முடன் ஒப்பந்தம் செய்தது. வேறொரு வங்கியுடன் இணைந்தபின், 2004-இல் அதனை முறித்துப் பணியாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கணினி தன் தொழிலின் நடுநரம்பு என்று அது கருதியது. கணக்குப் போடும் கரத்தைக் கடன் கொடுக்கலாம். கணக்குப் புரியும் அறிவைக் கடன் கொடுத்தவன், நாளை தன் பெட்டியைத் திறக்கவும் பிறனிடம் கையேந்த வேண்டும்.

இதிலே நமக்கென்ன பாடம்? மலிவு கருதி வந்த வேலை, அதைவிட மலிவான இடம் கண்டால் அங்கே போகும்; அதைவிட மலிவான இயந்திரம் கண்டால் அதனிடம் போகும். 2025-இல் டி.சி.எஸ். நிறுவனம், 12,000-க்கு மேற்பட்ட பணியாளரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது நினைவிருக்கட்டும். அறிவு கருதி வந்த வேலையே நிலைக்கும். எனவே, நம் கல்லூரிகள் மலிவான கரங்களை வார்க்கும் பட்டறைகளாக இருத்தல் கூடாது. ஆய்ந்து படைக்கும் அறிவை வளர்க்கும் கூடங்களாக வேண்டும். அரசு தன் கணினிப் பணியை வெளியாரிடம் தரலாம். மேற்பார்க்கும் பொறியாளர் அரசின் ஊழியராகவே இருத்தல் வேண்டும். தொழிற்சங்க உரிமை கணினித் துறைக்கும் உண்டென்று 2016-இல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை, மாளிகையின் இருபதாம் மாடிக்கும் ஏறிச் செல்ல வேண்டும்.

தோழர்களே! மாலையிலே அந்த மாளிகைகளிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கி வரும் இளைஞனைக் காண்பீர்கள். அவனைச் செல்வச் சீமான் என்றெண்ணி ஒதுங்காதீர்கள். கைத்தறியாளன், ஆலைத் தொழிலாளி வரிசையிலே அவனும் ஓர் உழைப்பாளி. அருகே செல்லுங்கள், அவன் உரிமையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்!