சைலன்சரில் உருகிய துணி

சனிக்கிழமைதோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். என் உயர்தர இரசாயனவியல் வகுப்பு அங்கேதான் நடக்கிறது. தமிழ் மொழி மூலம் உயர்தரம் படிக்கும் கொழும்புப் பிள்ளைகள் பலருக்கு வெள்ளவத்தை இரண்டாவது பாடசாலை போன்றது. புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி, காலி முகத்திடலின் கடற்காற்றை வாங்கிக்கொண்டு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று போவோம். வாரத்தில் வாப்பாவோடு நான் தனியாகப் பேசக் கிடைப்பதும் அந்த நேரம்தான்.

அப்படிப் போன ஒரு நாள், கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி எட்டிப் பார்த்து, "நங்கீ, எந்தும பிச்செனவா!" என்று கத்தினார். தங்கச்சி, உடுப்பு எரியுது என்கிறார். குனிந்து பார்த்தேன். அபாயாவின் வலது ஓரம் சைலன்சரில் ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. பதறி இழுத்தேன். கிழிந்த ஓரம் கையோடு வந்தது. உருகிய பகுதி கறுப்புப் பிசினாக இரும்பிலேயே தங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உள்ளே தடித்த காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்ததால் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பு முடிந்து மஃரிபுக்குப் பின் வீடு வந்தோம். கிழிந்த ஓரத்தை முதலில் கண்டவர் உம்மும்மா. அரை மணி நேரத்துக்குள் மாமிக்கும் செய்தி போய், மாமியும் வந்துவிட்டார். நடந்ததை நான் சொல்லி முடிக்கும் முன்பே தீர்ப்பும் வந்தது.

"பொம்புளப் புள்ளக்கு அவ்வளவு தூரம் கிளாஸ் என்னத்துக்கு? இனி அனுப்ப வாணாம்."

உம்மா என்னைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா எதுவும் பேசவில்லை. வாப்பாவின் அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்தத் தீர்ப்புக்காகத்தான். உம்மும்மாவைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர் என் மீதுள்ள அன்பினால்தான் அப்படிச் சொன்னார். ஆனால் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பார்க்கும் முன்பே, வகுப்பை நிறுத்துவது நம் வீடுகள் பலவற்றில் வழக்கமாக இருக்கிறது. நானா அதே மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் விழுந்திருக்கிறார். அவரை யாரும் வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சங்கிலியை இறுக்கினார்கள், டயரை மாற்றினார்கள். நானா விழுந்தால் சைக்கிளைத் திருத்துகிறோம். எனக்கு நடந்தால் என்னை நிறுத்துகிறோம். இது நியாயமா என்பதே என் கேள்வி.

மறுநாள் சுபஹுக்குப் பின் முற்றத்தில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது. வாப்பா சமையலறைக் கத்தியோடு சைலன்சருக்கு முன்னால் குந்தியிருந்தார். மற்றவர்கள் எழும்புமுன் அந்தக் கறையை எடுத்துவிட்டால் பேச்சும் அடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறார். கறை போகவில்லை. பளபளப்பான பூச்சில் கீறல்தான் விழுந்திருந்தது.

"தாங்க வாப்பா, நான் செய்றேன்" என்றேன்.

"ஒனக்கு இது ஏலுமா மகள்?"

ஏலும் என்று சொன்னதற்குக் காரணம் தைரியமல்ல. இரசாயனவியல் பாடம்தான். என் அபாயா பொலியெஸ்டர். அது ஒரு பல்பகுதியம். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உருவாக்கிய இழையின் வழிவந்தது. பருத்தி சூட்டில் கருகும், உருகாது. பொலியெஸ்டரோ ஏறக்குறைய 250 முதல் 260 பாகை செல்சியஸில் உருகும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய், எஞ்சினுக்கு அருகே அந்தச் சூட்டை எளிதில் எட்டும். சிலிசிலி பைக்கு அவ்வளவு சூடும் தேவையில்லை. பொலித்தீன் 130 பாகைக்குள்ளேயே இளகிவிடும். மழைக்கோட்டின் ஓரம், புத்தகப்பையின் வார், சப்பாத்தின் அடி எல்லாம் சைலன்சரில் ஒட்டுவது இதனால்தான்.

நெயில் பொலிஷ் அகற்றும் திராவகத்தால் துடைத்துப் பார்க்கச் சொன்னாள் தங்கச்சி. அதில் உள்ள அசற்றோன் பொலியெஸ்டரைக் கரைக்காது. பெற்றோலில் துணியை நனைத்துத் தேய்க்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெற்றோலின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கக்கூடியது. சூடான குழாயில் அதைப் பூசுவது வீட்டு வாசலில் நெருப்பு வைப்பதற்குச் சமம். சோடியம் ஐதரொட்சைட்டு எசுத்தர் பிணைப்பை உடைக்கும் என்று படித்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் அது அலுமினியத்தையும் அரிக்கும், நம் தோலையும் அரிக்கும்.

சரியான வழி மிகவும் எளிமையானது. எஞ்சினைச் சில நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். குழாய் சூடேறியதும் ஒட்டியது இளகத் தொடங்கும். அப்போது மரத்துண்டால் சுரண்டினால் அது சுருண்டு வரும், பூச்சில் கீறலும் விழாது. நான் எடுத்தது சிரட்டைத் துண்டு. கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டேன். வாசலில் காற்றோட்டமாக வைத்தே செய்தேன், ஏனென்றால் அந்தப் புகை சுவாசிக்கத் தக்கதல்ல. மிஞ்சிய மெல்லிய படையைக் குழாய் முற்றாக ஆறியபின் பித்தளை துலக்கும் பிராசோ போட்டு, மிக மெல்லிய உருக்குக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். பளபளப்பான குழாய்க்கு மட்டுமே இது பொருந்தும். கறுப்பு நிறம் பூசிய குழாய் என்றால் நிறமும் சேர்ந்து போய்விடும்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்றைக் கண்டேன். ஒட்டியிருந்த துணிக்கு இரு பக்கத்திலும் இரண்டு திருகாணித் துளைகள் வெறுமையாக இருந்தன.

"இதுல என்ன வாப்பா இருந்திச்சி?"

வாப்பா சற்று நேரம் யோசித்தார். "ஒரு தகடு இருந்திச்சி மகள். துருப்பிடிச்சி, ஓடக்குள்ள சத்தம் போட்டுச்சி. கழட்டிட்டேன்."

சைலன்சரின் சூடு பின்னால் இருப்பவரின் காலிலும் உடையிலும் படாதிருக்கத் தயாரிப்பாளர் பொருத்திய காப்புத் தகடு அது. முன்னால் இருப்பவருக்கு அதன் சத்தம்தான் தெரிந்தது, பயன் தெரியவில்லை. பின்னால் இருப்பவளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. வாப்பாவும் நானும் பஞ்சிகாவத்தைக்குப் போய், பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் அதே அளவில் ஒரு தகடு வாங்கிப் பொருத்தினோம். வகுப்புக்கு முச்சக்கர வண்டியில் போய் வந்தால் ஒரு மாதத்துக்கு ஆகும் கூலியில் அது ஒரு சிறு பங்குதான். அந்தத் தகடு இல்லாததற்காகத்தான் என் படிப்பை நிறுத்தப் பார்த்தோம்.

"இந்த உடுப்போட ஏறினா இப்பிடித்தான்" என்று அபாயாவைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் இருந்த நீண்ட சால்வை காரின் சக்கரத்தில் சுற்றி இறந்துபோனார். சேலையும், சல்வாரின் துப்பட்டாவும், மழைக்கோட்டும் அதே ஆபத்தில்தான் இருக்கின்றன. பக்கத்து நாட்டில் இதற்காக "சேலையை விடுங்கள்" என்று பெண்களுக்குச் சொல்லவில்லை. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் பாதம் வைக்கும் இடமும் வேண்டும் என்கிறது. உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பும் வேண்டும் என்கிறது. நம் வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெருந்தொகையானவை இந்தியாவில் செய்யப்பட்டவை. இடது பக்கத்தில் நாம் பார்க்கும் கம்பிக் காப்பு அதுதான். உடைக்கு ஏற்ப இயந்திரத்தைத் திருத்தலாம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அதற்காக நம் பக்கத்தில் ஒரு பொறுப்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறும் முன் அபாயாவின் ஓரத்தை இரு பக்கமும் சுருட்டித் தொடைக்குக் கீழ் அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே தடித்த காற்சட்டை வேண்டும். ஷோலின் நுனி, பையின் வார், சிலிசிலி பை எதுவும் தொங்கக் கூடாது. தலைக்கவசத்தின் பட்டியைக் கட்டாயம் பூட்ட வேண்டும். இறங்கும்போது இடது பக்கமாக இறங்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் வலது பக்கத்தில்தான் இருக்கிறது. இவற்றை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓட்டுபவர் பயிற்சி பெறுகிறார், அனுமதிப்பத்திரம் எடுக்கிறார். பின்னால் இருப்பவள் ஏறி உட்கார்ந்தால் போதும், அரிசி மூடையைப் போல.

எங்கள் வகுப்பில், "சைலன்சர் சுட்ட தழும்பு யாருக்கெல்லாம் இருக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டேன். கை உயர்த்தியவர்கள் ஒன்றிரண்டு பேரல்லர். பற்பசை பூசினோம், மாஜரீன் பூசினோம் என்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொன்னாள். இரண்டுமே தவறு. சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. காயம் பெரிதென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். தோலில் துணி உருகி ஒட்டியிருந்தால் அதைப் பிய்த்தெடுக்கவே கூடாது. சைலன்சரில் ஒட்டியதைச் சுரண்டலாம், காலில் ஒட்டியதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் அரைவாசிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் கார், அதுதான் பாடசாலை வான். அதில் பின்னால் இருந்து பயணிக்கும் பிள்ளைகளுக்காக, நம் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே என்பது என் வேண்டுகோள். எப்படி உட்கார்வது, எதைப் பார்ப்பது, சுட்டால் என்ன செய்வது என்பவற்றைச் சொல்லித்தர அந்த நேரம் போதும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இன்று மாலையே உங்கள் மோட்டார் சைக்கிளின் வலது பக்கம் குந்தியிருந்து பாருங்கள். தகடு இருக்கிறதா, திருகாணி இறுக்கமாக இருக்கிறதா, பாதம் வைக்கும் கட்டையின் இறப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போது உங்கள் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை உம்மும்மா வாசலுக்கு வந்தார். புதுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். "இது சுடாதா?" என்று கேட்டார். சூடேறும், ஆனால் துணி உருகும் அளவுக்கு ஏறாது என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து, என் அபாயாவின் ஓரத்தை அவரே சுருட்டித் தொடைக்குக் கீழ் அடக்கிவிட்டு, "பிஸ்மி சொல்லிப் போங்க" என்றார்.

போனோம்.

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி