பேனா வாங்கும் முன் மூன்று சுழி ‘ண’ போட்டுப் பாருங்க!

பேனா கண்காட்சியில் ஒரு இங்க் பேனாவைக் கையில் கொடுத்து, ‘எழுதிப் பாருங்க’ என்றால் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து, இரண்டு வட்டம், ஓர் எட்டு. ‘சூப்பரா ஓடுதே’ என்று வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு பக்கம் எழுதும்போதுதான் விஷயம் புரியும். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் மை அடைத்துக்கொண்டு ஒரே மாதிரி தெரியும்.

பேனா மேல் ஆசை உள்ளவர்களுக்குக் கண்காட்சி என்பது திருவிழா. அமெரிக்காவில் வாஷிங்டன் பேனா கண்காட்சி ரொம்பப் பிரபலம். நம் நாட்டில் 2020-ல் மும்பையில் ‘இந்தியா பென் ஷோ’ நடந்தது. சில நூறு ரூபாய் பேனாவும் பைக் விலைக்கு விற்கும் பேனாவும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும். இரண்டையும் தொட்டு எழுதிப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கும்போது கிடைக்காத வசதி இது ஒன்றுதான். அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டாமா?

முதலில் நிப். இதில் எஃப் என்றால் மெலிசு, எம் என்றால் நடுத்தரம், பி என்றால் பட்டை. ஆனால், எல்லா நாட்டு ‘எஃப்’பும் ஒன்றல்ல. பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பானியப் பேனாக்களின் நிப், லேமி, பெலிக்கன் போன்ற ஜெர்மன் பேனாக்களைவிடப் பொதுவாக ஓர் அளவு மெலிசாகவே எழுதும். சுழியும் வளைவும் நிறைந்த தமிழைப் பொடியாக எழுதுபவர்களுக்கு மெலிசு நிப்தான் தோது. பெரிதாக எழுதுபவர்களுக்கு ‘எம்’ அழகாக இருக்கும்.

அதனால் ஸ்டாலில் ‘ண, ஞ, ணை, றை, ழு’ என்று எழுதிப் பாருங்கள். சுழிக்குள் வெள்ளை தெரிகிறதா, வளைவில் நிப் பேப்பரைக் கீறுகிறதா என்று கவனியுங்கள். மையில் தொட்டு எழுதும்போது முதல் சில வார்த்தைகள் தடிமனாகத்தான் விழும். நாலு வரி போன பிறகு வருவதுதான் உண்மையான கோடு. இன்னொன்று, அங்கே வைத்திருக்கும் பேப்பர் உசத்தியானதாக இருக்கும். அதில் எந்தப் பேனாவும் நன்றாக எழுதும். நீங்கள் தினமும் எழுதும் நோட்டை, பிள்ளைகளுக்கு என்றால் அவர்களின் பள்ளி நோட்டைக் கொண்டு போங்கள். கேட்காமல் மூடியைத் திறக்காதீர்கள், நிப்பை அழுத்தாதீர்கள். பழைய பேனா என்றால் இரண்டு மடங்கு கவனம்.

உள்ளூர்ப் பேனாக்களை விட்டுவிடாதீர்கள். நம் திருவள்ளூரில் தயாராகும் ரங்கா பேனாக்களை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். எபோனைட்டைக் கடைசல் பிடித்துக் கையால் செய்கிறார்கள். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுகவைப்பதுதான் எபோனைட். கையில் பிடித்தால் வழுக்காது, சில்லென்றும் இருக்காது. ஃபில்லரால் நேராகப் பேனாவுக்குள்ளேயே மை ஊற்றும் நம் ஊர்ப் பழைய முறையும் இவற்றில் உண்டு. ஒருமுறை நிரப்பினால் பல நாள் ஓடும்.

மை விஷயத்தில் எங்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்கு ஒரு உறவு இருக்கிறது. குரோமியம் வருவதற்கு முன்பு இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான். அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின்தான் தோலைக் கெடாமல் காக்கிறது. அதே கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுப்பு மை! ஐரோப்பாவில் இதையே ஓக் மரக் காய்ப்பில் செய்து, பல நூற்றாண்டுகள் எழுதினார்கள். ‘அயர்ன் கால்’ என்ற பெயரில் இன்றும் பாட்டிலில் விற்கிறது. எழுதியதும் வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், தண்ணீர் பட்டாலும் அவ்வளவு சுலபத்தில் அழியாது. ஆனால், வீட்டில் காய்ச்சிய மையைப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். இங்க் பேனாவுக்கென்றே தயாரித்ததை மட்டும் வாங்கி, பேனாவை அடிக்கடி கழுவுங்கள்.

பேனா உறைக்குத் தோலே நல்ல துணை. ஒன்றோடு ஒன்று உரசாமல், ஒவ்வொரு பேனாவுக்கும் தனி அறை இருக்கிற உறையாகப் பாருங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை: பட்ஜெட்டை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். முதல் சுற்றில் எதுவும் வாங்காமல் எழுதி மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பேனாவின் பெயர், நிப் அளவு, விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே டீ குடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் தமிழ் உங்கள் தமிழாகவே தெரிகிறதோ, அதுதான் உங்கள் பேனா. விலை அதிகமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

முக்கியமாக, ஸ்டாலில் இருப்பவரிடம் ‘தமிழ் எழுத எந்த நிப் நல்லாயிருக்கும்?’ என்று கேளுங்கள். நாம் கேட்டால்தானே, அடுத்த முறை அந்த நிப்பை எடுத்து வைப்பார்கள்!