திண்டுக்கல் வானத்தின் உயரக் கணக்கு

மாசிக் காலையில் சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால், திண்டுக்கல் கோட்டைப் பாறையைச் சுற்றிப் பழுப்புப் படலம் படிந்து கிடக்கும். அதன் மேல்விளிம்பு கோடு கிழித்ததுபோல் தெரியும். சித்திரை நண்பகலில் அந்தக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. நாமே படலத்துக்குள் நிற்போம்.

செயற்கைக்கோள் தரும் ஒளியியல் தடிமன் இரு நாள்களிலும் 0.4 ஆகவே இருந்துவிடலாம். துகள்கள் 800 மீட்டருக்குள் சீராக அடங்கியிருந்தால் ஒளிமறைப்புக் கெழு கிலோமீட்டருக்கு 0.5; 2.5 கிலோமீட்டர் வரை பரவியிருந்தால் 0.16. கீழே மூச்சு விடுபவருக்கு மூன்று மடங்கு வித்தியாசம். ஆண்டு முழுவதற்கும் ஒரே படல உயரத்தை வைத்துத் தரைநிலை நுண்துகளைக் கணக்கிடும் பழக்கம் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. இதை நாம் இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

லேசர் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதைக் கொண்டு துகள்களின் உயரப் பரவலை அளக்கும் லைடார் இருந்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான். எளிய பின்சிதறல் லைடாரில் சமன்பாடு ஒன்று, அறிய வேண்டியவை இரண்டு: பின்சிதறல், ஒளிமறைப்பு. இரண்டையும் இணைக்கும் லைடார் விகிதத்தை நாம்தான் கொடுக்கிறோம். காலிப்சோ லைடார் செயற்கைக்கோள் தரவின் 4ஆம் பதிப்பு 532 நானோமீட்டரில் தூய கடல் துகளுக்கு 23, புகைக்கு 70 ஸ்டெரேடியன் என எடுத்துக்கொள்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வீசும் காற்றில் புழுதி இருக்கும். பங்குனியில் மலைக்காடு பற்றினால் புகை. இரண்டுக்கும் ஒரே விகிதம் எப்படிப் பொருந்தும்?

காலிப்சோவின் பணி 2023 ஆகஸ்டில் முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோளின் அட்லிட் லைடார் கருவி, மூலக்கூறுச் சிதறலையும் துகள் சிதறலையும் பிரித்தறிவதால் லைடார் விகிதத்தை அளந்தே சொல்லும். ஆனால் 355 நானோமீட்டரில். இரு தரவுத் தொடர்களையும் இணைப்பவர்கள் அலைநீள மாற்றத்தை எப்படிச் செய்தார்கள் என்று எழுதியாக வேண்டும்.

நமக்கோ வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஏணி ஒன்று வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில். திண்டுக்கல் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இரண்டிலும் ஒரே வேளையில் சூரிய ஒளிமானி வைத்தால், இரு தடிமன்களின் கழித்தல் இடைப்பட்ட இரண்டு கிலோமீட்டரின் பங்கைத் தந்துவிடும். ஊகித்த லைடார் விகிதத்தைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. காலை அளவுகளே நம்பத்தக்கவை. பிற்பகலில் சரிவேறும் காற்று சமவெளித் துகள்களை மலைக்குக் கொண்டுபோய்விடும். 1999இல் இண்டோயெக்ஸ் ஆய்வு இந்தியப் பெருங்கடல் மீது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை படலத்தைக் கண்டது. ஆகவே கொடைக்கானலும் எப்போதும் தெளிந்த காற்றில் நிற்பதில்லை.

இன்னொன்று: லேசர் கற்றையும் தொலைநோக்கியின் பார்வையும் முழுதாக ஒன்றுசேராத முதல் சில நூறு மீட்டரில் பல தரை லைடார்களுக்குக் கண் தெரியாது. மாசிக் காலையில் துகள்களில் பெரும்பகுதி அங்கேதான். அடுத்த இதழ் முதல், எடுத்துக்கொண்ட லைடார் விகிதமும் அந்தக் குருட்டு உயரமும் குறிக்கப்படாத கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்ப மாட்டோம்.