பாட்டு நம்முடையது, கணக்குப் புத்தகம் யாரிடம்?

சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கி கட்டியதும் பிள்ளைகள் முதலில் போடச் சொல்வது "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டைத்தான். சென்ற பொங்கலிலும் அப்படியே நடந்தது. கச்சால் தீவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி பாட்டு முடியும்வரை நின்றபடியே கேட்டார். "இது எங்க கதைதான் தம்பி" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டார். பக்கத்தில் தட்டு அடுக்கிக் கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்து, "இம்புட்டுப் பேரு கேக்குறாங்களே மாமா, பாடினவங்களுக்கு எவ்வளவு கெடச்சிருக்கும்?" என்றான்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் டிக்கெட் பதிவு செய்யும் குமாஸ்தாவுக்குப் பாட்டுக் கம்பெனிகளைப் பற்றி என்ன தெரியும் என்று தோழர்கள் கேட்கலாம். இராகம் தாளம் எனக்குத் தெரியாதுதான். ஆனால் வரவு செலவு தெரியும். காட்டாத கணக்கு எப்படி இருக்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அந்த மூதாட்டி ஏன் கண் கலங்கினார் என்பதை இளைய தோழர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. நூறாண்டுக்கு மேல் காட்டை வெட்டித் தேயிலை நட்ட மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் 1970-களில் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது அந்தத் தீவு பட்ட பாடு நமக்குத் தெரியும். இப்போது பாட்டுக்கு வருவோம். அதை எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பியவர். அந்தப் பாட்டியின் வாழ்க்கைதான் பாட்டுக்கு விதை.

2021 மார்ச்சில் பாட்டு வெளிவந்தது. இசை சந்தோஷ் நாராயணன். உடன் பாடியவர் தீ. வெளியிட்டது "மாஜா" என்ற சின்னஞ்சிறு சுயேச்சைக் கம்பெனி. கனடாவில் வாழும் தமிழர்கள் தொடங்கியது, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவு பெற்றது. சினிமாவை நம்பாமல், பெரிய கம்பெனிகளின் வாசலில் நிற்காமல், நம் கலைஞர்கள் நேரே உலகத்துக்குப் பாடலாம் என்பது அதன் வாக்குறுதி. யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் ஓடிய பாட்டு இது.

பிறகு தகராறு. 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை, இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். 2022 ஜூலை 28-ல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு ஒலித்தது. அறிவு அங்கே இல்லை, வெளிநாட்டில் இருந்தார். தானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு என்று அவர் அறிக்கை விட்டார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமபங்கு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். நாடே இரண்டு கட்சியாய்ப் பிரிந்து வாதாடியது.

ஆனால் எந்த வருமானத்துக்குச் சமபங்கு? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளியில் வந்து சொன்னார்: மூன்று வருடமாகியும் இந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு காசு வரவில்லை, தன் யூடியூப் வருமானமும் கம்பெனிக்கே போகிறது, ரகுமானுக்கும் இதில் சம்பந்தமில்லை, அவரும் பாதிக்கப்பட்டவரே என்றார். கம்பெனி மறுத்தது. கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம், பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல் என்பது அதன் பக்கம்.

முன்பணம்! இந்த வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். மலையகத்துக்கு நம் பாட்டன் பூட்டன்களை அழைத்துப் போன கங்காணியும் முன்பணம்தான் கொடுத்தார். கப்பல் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கணக்கில் ஏறும். கணக்குப் புத்தகம் கங்காணி கையில். எவ்வளவு உழைத்தாலும் கடன் தீராது. கடன் தீர்ந்ததாகத் "துண்டு" கிடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இலங்கையில் அந்தத் துண்டு முறையை 1921-ல் ஒழித்தார்கள். பாட்டு வியாபாரத்தில் அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. கம்பெனி ஒரு தொகையை முன்கூட்டிக் கொடுக்கும். படப்பிடிப்பு, விளம்பரம், பயணம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே சேரும். பாட்டு சம்பாதிப்பது முதலில் அந்தச் செலவைக் கழிக்கும், மிஞ்சினால்தான் கலைஞருக்கு. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று சொல்பவரும் கம்பெனிதான்.

மாஜாவைக் கங்காணி என்று நான் குற்றம் சாட்டவில்லை. தீர்ப்புச் சொல்வது என் வேலையுமில்லை. முறையைத்தான் சொல்கிறேன். கங்காணியும் நம் ஊர்க்காரர், நம் சாதிசனம், "மாமா மச்சான்" முறை சொல்லிக் கூப்பிடக் கூடியவராகவே இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

நிற்க. சின்னக் கம்பெனியின் கஷ்டத்தையும் பேசாவிட்டால் அது நியாயமாகாது. இசைத்தட்டுக் காலத்தில் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையை வைத்திருந்த கிராமபோன் கம்பெனிதான் இந்த நாட்டின் ராஜா. அதன் நிழலில் சிறு கம்பெனிகள் முளைத்தன. காரைக்குடியில் தகப்பனார் கடையில் இசைத்தட்டு விற்ற மெய்யப்பச் செட்டியார் 1932-ல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றார். ஆனால் இசைத்தட்டோடு நின்றிருந்தால் இன்று ஏ.வி.எம். என்ற பெயரை யார் அறிவார்? சினிமாவுக்குப் போனதால்தான் நிலைத்தார். போகாத பல பெயர்கள் பழைய தட்டுகளின் நடுவே ஒட்டிய காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

1980-களில் கேசட் வந்தது. பெரிய கம்பெனி தொடாத நாட்டுப்புறப் பாட்டு, அம்மன் பாட்டு, கட்சிப் பாட்டு, நாகூர் அனிபாவின் இஸ்லாமியப் பாட்டு எல்லாம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது சின்னக் கம்பெனிகளின் கேசட்டால்தான். சென்னையிலிருந்து கப்பல் வரும் நாளில் என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வரும்போது, யாரோ ஒரு கப்பல்காரர் கொடுத்த கேசட்டைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வருவார். அந்த ஒரு கேசட் பத்து வீட்டுக்குப் போகும். பத்து வீட்டிலும் பதிவு செய்து கொள்வார்கள். அதை விற்ற கம்பெனிக்கு ஒரு கேசட்டின் காசு. மற்ற ஒன்பதுக்கு நாமம். ஊர் ஊருக்கு இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியலையும் வெற்றுக் கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தோமே, அந்தக் காசில் எழுதியவருக்கோ வெளியிட்டவருக்கோ ஒரு பைசா போயிருக்குமா? சிறு கம்பெனிகள் மூடிப் போனதில் நம் கையும் உண்டு. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சுழலும் உண்டு. பாட்டின் சொந்தக்காரர் யார் என்பதே தெளிவில்லாமல், கம்பெனிகள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறியதைப் பாருங்கள். சென்னையின் எக்கோ கம்பெனி, மலேசியத் தமிழர்களின் அகி மியூசிக் ஆகியவற்றுக்கும் இளையராஜாவுக்கும் நடந்த வழக்கு அத்தகையது. சுமார் 4,500 பாடல்கள் சம்பந்தப்பட்டது. தயாரிப்பாளரிடம் வாங்கினோம் என்றது எக்கோ. இசையமைத்தவன் நான் என்றார் அவர். 2019 ஜூன் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம், படைத்தவர் என்ற முறையில் அவருக்குச் சிறப்பான தார்மீக உரிமை உண்டு என்றது. தயாரிப்பாளரிடம் வாங்கிய ஒலிப்பதிவில் எக்கோவின் உரிமையையும் ஏற்றது. மேல்முறையீடு போயிற்று. 2024 ஏப்ரலில் அதை விசாரித்தபோது நீதிபதிகள், பாட்டு எழுதியவரும் நாளை உரிமை கேட்டால் என்னாகும் என்று கேட்டார்கள். சரியான கேள்வி! தபேலா வாசித்தவரும் கோரஸ் பாடிய பெண்களும் அன்றைய சம்பளத்தோடு வீட்டுக்குப் போனார்களே, அவர்களுக்காகக் கேட்க எந்த வக்கீலும் இல்லை.

எனக்கும் இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பாட்டுகளைப் பதிவு செய்யக் கப்பலேறிச் சென்னை போனோம். மூன்று நாள் கடல். இரண்டு பேருக்கு வாந்தி. பதிவுச் செலவில் பாதி நாங்கள் போட்டோம். கம்பெனிக்காரர் நல்ல மனிதர், பிரியாணி வாங்கிக் கொடுத்தார், "நம்ம பசங்க" என்று தோளில் கை போட்டார். கையெழுத்துக் கேட்ட தாளை நாங்கள் படிக்கவே இல்லை. நம்ம ஆளிடம் படித்துப் பார்த்தால் சந்தேகப்படுவது போல் ஆகுமே என்ற கூச்சம். எத்தனை விற்றது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அந்தக் கம்பெனியும் பிறகு மூடிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை மகன் அந்தப் பாட்டுகளில் ஒன்றை யூடியூபில் ஏற்றினான். வேறொரு கம்பெனி உரிமை கோருகிறது என்று அறிவிப்பு வந்தது. மூடிய கம்பெனி எங்கள் குரலை யாருக்கோ விற்றுவிட்டுப் போயிருக்கிறது. மேளம் அடித்த எங்கள் தோழர் இப்போது உயிரோடு இல்லை. அவர் அடியைக் கேட்க வேண்டுமானால் அவர் மகன் விளம்பரம் பார்க்க வேண்டும்; அந்தக் காசும் வேறு யாருக்கோ.

சட்டம் என்ன சொல்கிறது? முன்பு அது நமக்கு எதிராகவே இருந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்காகக் கூலி கொடுத்து எழுத வைத்த பாட்டுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் பாடகரை நினைத்து வருந்தித் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். நிலைமை மாற 35 வருடம் பிடித்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாவில் சேராத பாட்டானால், எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும், வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விற்க முடியாது. விட்டுக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் போலத்தான் இதுவும். புத்தகத்தில் இருக்கிறது, கேட்பவனுக்குத்தான் கிடைக்கும்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கம்பி வந்தபிறகு நம் தீவும் மாறிவிட்டது. அதற்கு முன் கடைக்காரரிடம் மெமரி கார்டு கொடுத்துப் பாட்டு ஏற்றிக் கொண்டோம். இன்று கராச்சரமாவில் நம் பிள்ளைகள் நான்கு பேர் கைப்பேசியிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்டு, கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு பாட்டு. இரண்டும் அருமை. (இரண்டாவது பாட்டில் குமாஸ்தாக்களுக்குக் கொஞ்சம் திட்டு விழுகிறது, பரவாயில்லை.) சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி வெளியிடுகிறோம் என்று கேட்டிருக்கிறது.

போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனி இந்தப் பாட்டைச் சீந்தவே சீந்தாது. சின்னக் கம்பெனிகள் பிழைத்தால்தான் நம் கதை வெளியில் வரும். அவர்கள் கஷ்டத்தில் பங்கு கேட்டால் கொடுக்கலாம்; நஷ்டம் வந்தால் நஷ்டம் என்று சொல்லட்டும், நாமும் தாங்குவோம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கைக் காட்ட வேண்டும். எந்தச் செலவை முன்பணத்தில் கழிப்பார்கள் என்பதை முன்னாலேயே எழுத வேண்டும். கம்பெனி மூடினால் உரிமை பாடியவர்களிடமே திரும்ப வேண்டும். நால்வரும் தங்களுக்குள் யாருக்கு எத்தனை பங்கு என்று இன்றைக்கே, பாட்டு ஓடுவதற்கு முன்பே, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாட்டு ஓடியபிறகு எழுத உட்கார்ந்தால் அண்ணன் தம்பியும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள்.

கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பதினோரு பக்கம், முழுதும் ஆங்கிலம். எஸ்.எஸ்.எல்.சி. படிப்பை வைத்துக்கொண்டு அகராதியோடு நான்கு பக்கம் தாண்டியிருக்கிறேன். "காலம்" என்ற இடத்தில் என்றென்றைக்கும் என்று பொருள்படும் ஒரு வார்த்தை இருக்கிறது. "கணக்கு" என்ற தலைப்பையே இன்னும் காணவில்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வரிவரியாகத் தமிழில் வாசிக்கப் போகிறோம். நம் வக்கீல் தோழரும் வருகிறார். நான்கு பையன்களின் தாய் தகப்பன்மாரும் கட்டாயம் வர வேண்டும். பேனா யாரும் கொண்டுவர வேண்டாம். அன்றைக்குக் கையெழுத்துக் கிடையாது.