தெருவோரத்து அஞ்சலி

கண்டி மாநகரிலே, கட்டுக்கலைப் பக்கமாகவோ பேராதனை வீதி வழியாகவோ நடப்போர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் அரிது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டால், அயலார் கூடிச் சந்தியிலிருந்து வீட்டு வாயில்வரை வெள்ளைக் கொடிகளைக் கட்டுகின்றனர். மறைந்தவரின் படத்துடன் பதாகை எழுகின்றது. மதிலிலே 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டப்படுகின்றது. கொடி கட்டுவதில் சிங்களவர், தமிழர் என்ற பேதம் இல்லை.

நம் முன்னோர் நடுகல் நாட்டினர். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வீரனின் பெயரும் செயலும் கல்லிலே பொறிக்கப்பட்டன. நம் பதாகையிலோ பெயர் உண்டு, செயல் இல்லை. செயல் மறைந்தால் பெயரும் நெடுநாள் நில்லாது.

1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கோரிய போராட்டத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலையகம் அவரைத் தன் முதல் தியாகியாகப் போற்றுகின்றது. ஆயினும், நம் மாணவருள் எத்தனை பேர் அவரை அறிவர்?

நாம் வேண்டுவன இரண்டே. முப்பத்தோராம் நாள் கழிந்ததும், கட்டிய கைகளே கொடிகளை அவிழ்க்கட்டும். சாயம் போய்ச் சேற்றில் மிதிபடும் படம் அஞ்சலியாகாது. அன்று மாலையே, மறைந்தவர் எங்குப் பிறந்தார், என்ன தொழில் செய்தார், எதற்காகப் பாடுபட்டார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மழைக்கு அழியாத நடுகல் அதுவே.