பறக்கவிடாமல் பிடிப்பது புரொசசர் அல்ல

பலாலியில் கிளம்பும் ஏடிஆர் 72 விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறது. 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்ட பலாலிக்கு அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் வந்தது. கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பர் 1 முதல் இன்டிகோவும் அங்கே பறக்கிறது. இரண்டு நிறுவனங்களும் அந்த வழியில் விட்டது ஏடிஆர் 72 தான். அதே விமானத்தின் கணினி வடிவத்தை மைக்ரோசொப்ட் 2023 இல் தனது பிளைட் சிமுலேட்டருக்காக விற்பனைக்கு விட்டது. ஆக, பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்துத் தர்மபுரத்தில் இருந்துகொண்டு ஒரு மாணவி பலாலி – சென்னைப் பறப்பைத் தன் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டியவை எல்லாம் உலகில் இருக்கின்றன. அவளுக்குக் கிடைக்கக்கூடிய கணினியில் அது ஓடாது என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலைக் காட்டித்தான் ஒரு பழைய வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பறப்பு சிமுலேட்டர் மென்பொருள்கள் 64-பிட் கட்டமைப்புக்கு முழுதாக மாறியது அவசரம், பழைய 32-பிட் கணினி வைத்திருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்கிறது அது. வசதி குறைந்த ஊர்களின் பெயரால் பேசப்படும்போது அதில் இரக்கமும் ஒட்டிக்கொள்கிறது. இரக்கத்தில் குறையில்லை. கணக்கில்தான் பிழை.

32-பிட் நிரல் ஒன்றால் நினைவகத்தில் 4,294,967,296 இடங்களுக்கு மேல் முகவரி எழுத முடியாது. அதாவது 4 ஜிபி. கணினியில் 16 ஜிபி றாம் பூட்டியிருந்தாலும் அந்த நிரலுக்கு மீதி 12 ஜிபி கண்ணில் படாது. தெருவில் வெறுங்காணி நிறையக் கிடந்தும் வீட்டிலக்கம் தீர்ந்துபோன கதைதான். கடிதம் எழுதுகிற மென்பொருளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பறப்பு சிமுலேட்டருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. விமானத்தின் கருவிப் பலகை, வானிலை, மற்ற விமானங்கள், கீழே விரியும் நிலம், இறங்கப்போகும் விமான நிலையத்தின் ஒவ்வொரு கட்டடமும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும்.

2006 ஒக்டோபரில் வெளிவந்த மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் இந்தச் சுவரில் எப்படி மோதியது என்பது அதைப் பாவித்தவர்களுக்கு மறக்காது. கட்டுநாயக்காவில் ஏறி, பத்துப் பதினொரு மணித்தியாலம் பொறுமையாகப் பறந்து, லண்டன் ஹீத்ரோவை நெருங்கி, சக்கரத்தை இறக்கும் வேளையில் நகரத்தின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக நினைவகத்துக்குள் வரத் தொடங்கும். நினைவகம் போதவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் தோன்றும். அதோடு பறப்பு முடிந்தது. எஞ்சியிருக்கும் நினைவகம் குறைந்துகொண்டு போனால் மணியடித்து எச்சரிக்கும் துணைமென்பொருளைக்கூட ஆட்கள் பூட்டிவைத்திருந்தார்கள். உண்மையான விமானத்தில் எரிபொருளைக் கவனிப்பதுபோல, மெகாபைட்டைக் கவனித்துக்கொண்டு பறந்தார்கள்.

அந்த மென்பொருளை எழுதியவர்களை ஏமாளிகள் என்று சொல்வது அநியாயம். ஏஎம்டி நிறுவனம் 2003 இலேயே 64-பிட் புரொசசரைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. இன்டெலின் கோர் 2 டுவோ 2006 ஜூலையில் வந்தது. ஆனாலும் அந்த ஆண்டில் பெரும்பாலான வீடுகளில் ஓடியது 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி. 1 ஜிபி றாம் இருந்தாலே அது பெரிய கணினி. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அது நியாயமான நினைப்புத்தான். அடுத்த பதிப்பு வரவேயில்லை. 2009 ஜனவரியில் மைக்ரோசொப்ட் ஆட்குறைப்பை அறிவித்தபோது, அந்த மென்பொருளை உருவாக்கிய ஏசஸ் ஸ்ரூடியோவும் மூடப்பட்டது.

அதே ஜனவரியில், போர் நெருங்கியதால், தர்மபுரத்தில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து வந்து இயங்கிக்கொண்டிருந்தது. மாதம் முடிவதற்குள் தர்மபுரமும் வெறுமையானது. அன்றைய வன்னியில் விமானம் என்றால் குண்டு போடும் கிபிர். அதற்கு முன்னால் வந்து வட்டமிடும் வேவு விமானத்துக்கு ஆட்கள் வைத்த பெயர் வண்டு. அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய பெற்றோரின் பிள்ளைகள் இன்று விமானி இருக்கையில் இருந்து பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஆசையை வெறும் கணினி விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏசஸ் மூடப்பட்ட பிறகு நடந்ததுதான் விவாதத்தின் மையம். தாய் மென்பொருள் உறைந்து நின்றது. அதைச் சுற்றி விமானங்களும் விமான நிலையங்களும் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் வருடக்கணக்காக வளர்ந்தன. அவை எழுதிய 32-பிட் துணைக்கோப்புகள் 64-பிட் நிரலுக்குள் ஏறாது. இது விண்டோஸின் விதி. எந்தக் கெட்டித்தனத்தாலும் தாண்ட முடியாது. ஆகவே மாறுவதென்றால் பாவனையாளர் சேர்த்துவைத்த விமானங்களில் பாதி செத்துப்போகும். மாறாவிட்டால் ஹீத்ரோவில் இறங்க முடியாது. 2014 டிசெம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக மறுபடி விற்பனைக்கு வந்த பதிப்பும் 32-பிட்தான். அதே அடித்தளத்தின் உரிமத்தை வாங்கி பிரிபேர்3டி என்ற பெயரில் வளர்த்த லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனம், 2017 மே மாதத்தில் நான்காம் பதிப்பில்தான் 64-பிட்டுக்கு வந்தது. 64-பிட் புரொசசர் கடைக்கு வந்து 14 ஆண்டுகள் கழித்து.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் இதைவிட நன்றாகச் செய்தது. 2013 இல் 10.20 பதிப்பில் 32-பிட், 64-பிட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தது. துணைக்கோப்பு எழுதுவோருக்கு நான்கு வருடம் அவகாசம் கிடைத்தது. 2017 இல் 11ஆம் பதிப்பு வந்தபோது 32-பிட் ஓசையில்லாமல் விடைபெற்றது. கட்டமைப்பை மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

இனித் தர்மபுரத்துக்கு வருவோம். கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கக்கூடிய பாவித்த கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோர் 2 டுவோ, அல்லது முதலிரண்டு தலைமுறை ஐ3. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய மடிக்கணினியும் அநேகமாக அதே காலத்ததுதான். அவை எல்லாம் 64-பிட் புரொசசர்கள். 32-பிட் என்பது பெரும்பாலும் மேலே நிறுவியிருக்கும் விண்டோஸ் மட்டுமே. யாரோ எப்போதோ போட்ட ஒரு சிடியின் பலன். ஆக, பழைய கணினிக்காரருக்காக 32-பிட்டைக் கைவிடாதீர்கள் என்று கெஞ்சுபவர்கள், அந்தப் பழைய கணினி ஏற்கெனவே கடந்துவிட்ட வாசலில் நின்று அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான தடைகள் வேறு. அவை 64-பிட்டோடு ஒரே வண்டியில் வந்து இறங்கியதால், எல்லாப் பழியும் கட்டமைப்பின் தலையில் விழுந்தது.

2020 ஓகஸ்ட் 18 அன்று வந்த புதிய மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் குறைந்தபட்சம் கேட்டது 8 ஜிபி றாமும் 150 ஜிபி இடமும், கூடவே தனிக் கிராபிக்ஸ் கார்ட்டும். உலகத்தின் நிலப்படம் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேல் சேர்வரில் இருக்கும்; பறக்கப் பறக்க இணையத்தால் வரும். அப்போதாவது ஐரோப்பாவில் பத்து டிவிடி கொண்ட பெட்டியாக அதை விற்றார்கள். இணையத்தை அணைத்துவிட்டு, தரம் குறைந்த நிலத்தின் மேல் பறக்கவும் முடிந்தது. 2024 நவம்பர் 19 அன்று வந்த அடுத்த பதிப்பு தேவையான வட்டு இடத்தை 50 ஜிபியாகக் குறைத்து, பாரத்தை முழுதாக இணையத்தின் மேல் ஏற்றியது. குறைந்தபட்சம் விநாடிக்கு 10 மெகாபிட், பரிந்துரைத்தது 50. முதல் நாளே சேர்வர்கள் திணறி, உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏற்றத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சியாட்டிலில் இருப்பவருக்கு அது ஒருநாள் எரிச்சல். டேட்டா அட்டையை அளந்து பாவிக்கிற வீட்டில் அது நிரந்தர நிலைமை. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்ரார்லிங்கும் இந்த வீடுகளை நினைத்து விலை போட்டதாகத் தெரியவில்லை.

கிராபிக்ஸ் கார்ட்டின் கதை இன்னும் மோசம். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு கணினிப் பாகமும் கூடவே தாவியது. ரூபா பின்னர் ஓரளவு மீண்டாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 32-பிட்டைத் தக்கவைத்திருந்தால் இதில் எது மாறியிருக்கும்?

அதோடு, 32-பிட்டின் கதவை உலகமே பூட்டிவிட்டது. விண்டோஸ் 11 தொடக்கத்திலிருந்தே 64-பிட் மட்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. லினக்ஸ் பக்கம் டெபியன் 13, 2025 ஓகஸ்டில் 32-பிட் கணினிக்கான நிறுவியைக் கைவிட்டது. ஸ்டீம் 2026 ஜனவரி 1 ஐ 32-பிட் விண்டோஸுக்குக் கடைசித் திகதியாகக் குறித்தது. அப்பிள் 2019 இலேயே நிறுத்தியது. இப்போது இன்டெல் புரொசசரையே விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்-பிளேன் 12 அப்பிளின் சொந்த எம்1 வகைச் சில்லுகளில் நேரடியாக ஓடுகிறது. அடுத்த சண்டை அந்தக் களத்தில்தான் நடக்கும்.

அப்படியானால் தர்மபுரத்து மாணவிக்கு என்ன வழி? பிளைட்கியர் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் தன்னார்வலர்கள் தொடங்கிய திறமூல சிமுலேட்டர். விலை இல்லை. காட்சியழகில் மைக்ரோசொப்ட்டின் பக்கத்தில் நிற்காது. கோர் 2 டுவோவின் உள்ளமைந்த கிராபிக்ஸில் தவழத்தான் செய்யும். ஆனால் விமானம் காற்றில் நடந்துகொள்ளும் விதத்தை அது மதிப்போடு கணக்கிடுகிறது. பெரிய ஆறுதல் வேறொன்று: அதன் நிலப்படத்தைப் பத்துப் பாகைக்குப் பத்துப் பாகைத் துண்டுகளாக ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் கைமாற்றலாம். கிழக்கு 80 பாகை, வடக்கு பூச்சியத்தில் தொடங்கும் துண்டுக்குள் வன்னியின் பெரும்பகுதியும் பலாலியும் அடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், கட்டுநாயக்கா மயிரிழையில் மேற்குத் துண்டுக்குள் போய்விடுகிறது. சென்னை வடக்குத் துண்டில் இருக்கிறது. ஆக மூன்று துண்டுகள் போதும், ஒரு பாடசாலைக் கணினி அறை முழுதுக்கும். அதன் பிறகு இணையம் துண்டித்தாலும் பறப்பு துண்டிக்காது.

அந்தத் துண்டுக்குள் வன்னியின் நிலம் பெரும்பாலும் பச்சை விரிப்புத்தான். அதைத் திருத்துவதற்கு ஆட்கள் தூரத்தில் இல்லை. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அதில் கணினிப் பொறியியல் துறையும் இருக்கிறது. மூலநிரல் கையில் இருக்கும் மென்பொருளில் இரணைமடுக் குளத்தின் கரையையும் பரந்தன் சந்தியையும் சரியாக வரைவது ஓர் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தாராளமாகப் போதும். வீட்டுக் கணினியில் பறந்த மணித்தியாலங்கள் விமானி உரிமத்துக்குச் சேராது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரிய நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். 64-பிட்டை வைத்துக்கொள்ளுங்கள், எம்1க்கும் போங்கள். ஆனால் ஒரு நாட்டின் நிலப்படத்தை ஒருமுறை இறக்கி, இணையமின்றிப் பறக்கும் வசதியை எடுத்துவிடாதீர்கள். அதற்குப் புதிய புரொசசர் எதுவும் தேவையில்லை, முடிவு ஒன்றுதான் தேவை.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் விண்டோஸ் 10 கணினியைக் கழிக்க முன்னர், செட்டிங்ஸுக்குள் 'எபவுட்' பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். 32-பிட் ஒப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புரொசசர் என்று அங்கே எழுதியிருந்தால் கணினியில் குறையில்லை. முடிந்தால் இன்னும் 4 ஜிபி றாம் பூட்டி, 64-பிட் லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். புதுக் கணினிக்கு விண்ணப்பம் எழுதுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.