பட்டணத்தில் ஜாகை எங்கே?

மகனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. "எங்கே தங்குவான்?" என்று தாய் கேட்கிறார். "ஆவடியில் அவன் அத்தை வீடு இருக்கும்போது என்ன கவலை?" என்கிறார் தந்தை. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

பல குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது. இது சரியா?

சரி அல்ல. முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மகன் படிக்கப்போகும் துறை எங்கே இருக்கிறது?

1857-ம் ஆண்டில் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் இல்லை. சரித்திரம் படிப்பவர் சேப்பாக்கம் போகவேண்டும். தமிழுக்கு மெரினா வளாகம். விஞ்ஞானத் துறைகள் பல கிண்டியில் இருக்கின்றன. மருத்துவத்தை ஒட்டிய விஞ்ஞானங்கள் தரமணியில் உள்ளன. இது தெரியாமல் சேப்பாக்கத்தில் அறை எடுத்துவிட்டு, தினமும் தரமணிக்கு அலைகிறவர்களும் உண்டு!

அத்தை வீட்டுக் கணக்கு

ஆவடியில் இருந்து தரமணிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மின்சார ரெயிலில் சென்டிரல். அங்கே இறங்கி, பூங்கா நகர் நிலையத்துக்கு நடை. பிறகு பறக்கும் ரெயில். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18 மணி நேரம் ரெயிலிலேயே போய்விடுகிறது. வாடகை மிச்சம்தான். படிப்பு?

அத்தை பாசம் உள்ளவர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆராய்ச்சிப் பட்டம் ஒரு வாரத்து வேலை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிப்படி குறைந்தது 3 ஆண்டு ஆகும். 6 ஆண்டு வரையும் போகலாம். இரவு 11 மணிக்கு வந்து கதவைத் தட்டும் அண்ணன் மகனுக்காக ஆறு ஆண்டு விழித்திருக்க யாரால் முடியும்? பாசம் கெடாமல் இருக்கவேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போய்ச் சாப்பிடலாம்.

சேப்பாக்கத்தில் படிக்கும் ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. சிறிய அறை, ஒரு கட்டில், பலருக்கும் பொதுவான குளியல் அறை. சுகம் குறைவு. ஆனால் பல்கலைக்கழகம் நடக்கும் தூரம். சாப்பாட்டு மெஸ்கள் பக்கத்திலேயே உண்டு. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

மகளாக இருந்தால்?

மகளை அனுப்பும் பெற்றோர் விடுதியின் கதவு எத்தனை மணிக்கு மூடப்படும் என்று கேட்கிறார்கள். சீக்கிரம் மூடினால் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் சோதனைச்சாலை வேலை கடிகாரத்தைப் பார்த்து நிற்காது. பாதிச் சோதனையை விட்டுவிட்டு அந்தப் பெண் விடுதிக்கு ஓடவேண்டும். பக்கத்து மேஜை ஆண் மாணவர் வேலையை முடித்துவிட்டுத்தான் போவார். இது அநியாயம். பூட்டு மட்டும் பாதுகாப்பு ஆகாது. துறைக்கு அருகில் ஜாகை, வெளிச்சமான தெரு, தாமதமானால் கதவைத் திறக்கும் பொறுப்பான காப்பாளர், இவையே பாதுகாப்பு. பெண்கள் விடுதிகள் உரிமம் பெறவேண்டும் என்று 2014-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பதும் உண்டு. அட்வான்சாகப் பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வேறு தொகை எழுதினால் அது செல்லும். ஆகவே பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இன்னொன்று, தண்ணீர். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் கோட்டூர்புரமும் மூழ்கின. 2023-ம் ஆண்டு டிசம்பர் புயலின்போது வேளச்சேரியில் மறுபடியும் வெள்ளம். கிண்டிக்கும் தரமணிக்கும் பக்கம் என்று அங்கே கீழ்த்தளம் எடுப்பவர், வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைக் கடைக்காரரைக் கேட்கவேண்டும். வீட்டுத் தரகர் சொல்லமாட்டார். கடைக்காரர் சுவரிலேயே கையை வைத்துக் காட்டிவிடுவார்.